ஓட்டுநர் உதவி வசதிகளுக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெடுஞ்சாலைக்காரன்

தங்கை வீட்டுக்காரர் புதுக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மச்சான், டாப் வேரியன்ட் எடுத்தால் கார் தானாகவே ஓடுமாமே, எடுத்துடவா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள், அவருக்கு அப்படியே காட்டிவிடுகிறேன்.

இரண்டு வருடமாக லெவல் 2 ஏடாஸ், அதாவது ஓட்டுநருக்கு உதவும் வசதிகளின் தொகுப்பு, உள்ள கார் ஓட்டுகிறேன். தினமும் போக வர 90 கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. அடாப்டிவ் க்ரூஸ் போட்டுவிட்டால் முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். லேன் அசிஸ்ட் கோட்டுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் வீடு திரும்பும்போது கால் வலியே இல்லை. கொடுத்த காசு அன்றைக்கே வசூலாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு மழை இரவு. வேகம் 90. டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, அதாவது எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் போன வேன் திடீரென்று பக்கத்து லேனுக்கு ஒதுங்கியது. அது விலகிய இடத்தில் பழுதான லாரி ஒன்று, ஒரு விளக்குகூட இல்லாமல் நின்றது. என் கார் வேகம் குறைக்கவில்லை. வேன் போய்விட்டது, வழி காலி என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் ஏறியது இன்னும் காதில் இருக்கிறது. நான் மிதித்த மிதியில் சீட் பெல்ட் தோளை அறுத்தது. லாரியின் பின்பலகையில் இருந்த சேறு தெரியும் தூரத்தில் போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கையேட்டை எடுத்துப் படித்தேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியை க்ரூஸ் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். சாலையோரப் பலகை, பாலத்தின் தூண், தடுப்புக் கம்பி எல்லாமே காரில் உள்ள ரேடாருக்கு அசையாத பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓட்டவே முடியாது. அதனால் வேகமாகப் போகும்போது அசையாதவற்றில் பலவற்றை ஒதுக்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். 90-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். நான் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

வண்டி ஓட்டுவது ஒரு வேலை. ஓட்டும் இயந்திரத்தைக் கண்கொட்டாமல் கவனிப்பது அதைவிடக் கடினமான வேலை. பணம் கொடுத்து நான் வாங்கியது இந்த இரண்டாவது வேலையைத்தான். ஷோரூமில் இதை யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் கியர்

அண்ணா, படிக்கும்போதே உடம்பு நடுங்கியது. ஆனால் என் கதை வேறு மாதிரி. என் காரில் ஆட்டோ பிரேக்கும், கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வண்டி வந்தால் சொல்லும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் மட்டும்தான். ஒரு நாள் வரிசையாக வண்டிகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. பின்சீட்டில் குழந்தை அழ, ஒரே ஒரு நொடி திரும்பினேன். சிவப்பு விளக்கு, பீப் சத்தம், கூடவே கார் தானாக நின்றது. முன்னால் இருந்த காருக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த வசதிக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்று கார் பாதுகாப்பை ஆராயும் அமைப்பு இருக்கிறது. ஆட்டோ பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியில் மோதுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. கார் பாதி ஓட்டிக்கொள்ளும் வசதிகளால் விபத்து குறைகிறது என்பதற்கு அப்படிப்பட்ட தெளிவான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டுபவரின் கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்கின்றனவா என்று 2024-ல் 14 அமைப்புகளைச் சோதித்தார்கள். 11 'மோசம்' என்ற மதிப்பெண் வாங்கின. 'ஏற்கத்தக்கது' என்று தேறியது ஒன்றே ஒன்று.

பழைய சாவி

நான் ஏமாந்த கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இப்போது பணம் கட்டுங்கள், முழுத் தானோட்டம் சாஃப்ட்வேர் அப்டேட்டில் வந்துவிடும்" என்றார்கள். கட்டினேன். நான்கு வருடம் காத்திருந்தேன். அப்டேட்டுகள் வந்தன, ஆனால் ஒவ்வொன்றிலும் 'ஓட்டுநர் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும்' என்ற வரியும் கூடவே வந்தது. காரை விற்கப் போனபோது வாங்க வந்தவர் அதற்காக ஒரு பைசாகூடச் சேர்த்துத் தரவில்லை.

பெயரைப் பார்க்காதீர்கள், லெவல் என்ன என்று கேளுங்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த 0 முதல் 5 வரையிலான அளவில், லெவல் 2 வரை முழுப் பொறுப்பும் ஓட்டுபவர் தலையில்தான். லெவல் 3-ல்தான் குறிப்பிட்ட சூழலில் கார் ஓட்டும் வேலையைத் தானே ஏற்கிறது. அப்படி 2021-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா லெஜண்டுகூட நெரிசலான விரைவுச்சாலையில், குறைந்த வேகத்தில் மட்டும்தான் அதைச் செய்தது. வந்ததும் மொத்தம் 100 கார்தான், அதுவும் லீசுக்கு. மாதச் சந்தாவாகக் கிடைத்தால் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். வரப்போகும் வசதிக்கு இன்றைக்கே பணம் கட்டாதீர்கள்.

வெயில்மழை

எனக்கு 58 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நெரிசலில் நின்று நின்று போகும்போது க்ரூஸ்தான் என் காலுக்குத் துணை. முன் வண்டி நின்றால் நிற்கிறது, நகர்ந்தால் லேசாகத் தொட்டால் கிளம்புகிறது. அது இல்லாவிட்டால் ஓட்டுவதையே விட்டிருப்பேன். பணம் வீண் என்று என்னால் சொல்ல முடியாது தம்பி.

ஒரு செலவு மட்டும் நான் எதிர்பார்க்காதது. கல் தெறித்து முன் கண்ணாடி விரிசல் விட்டது. கண்ணாடியை மாற்றினால் போதாது, அதன் பின்னால் உள்ள கேமரா சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்யும் காலிப்ரேஷனும் செய்தாக வேண்டும் என்றார்கள். அது தனி பில். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே இதற்குக் கவர் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் கோபத்தில் அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை.

தங்கை வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். ஆட்டோ பிரேக்கும் பிளைண்ட் ஸ்பாட்டும் எந்த வேரியன்டில் வருகிறதோ அதுதான் அடிப்படை, அதில் பேரமே வேண்டாம் என்றேன். தினமும் நெரிசலில் ஒரு மணி நேரம் போகிறார், அதனால் க்ரூஸுக்கும் கொடுக்கலாம். லேன் அசிஸ்டுக்காக மட்டும் ஒரு படி மேலே போக வேண்டாம். அவர் போகும் சாலையில் பாதி இடத்தில் கோடே அழிந்து கிடக்கிறது. முன்பணம் கட்டும் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலைச் சுற்றி முடிக்காமல், மழை பெய்யும் ஒரு மாலையில், அவர் தினமும் போகும் வழியிலேயே கேட்டிருக்கிறோம். நானும் பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறேன். போய்வந்ததும் எப்படி இருந்தது என்று அவரையே எழுதச் சொல்கிறேன்.