மறு: ஆர்.சி. கார் டயரில் இடும் துளைக்குக் கலைச்சொல் – ‘மணலோடி’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆர்.சி. கார், அதாவது தொலைவிலிருந்து இயக்கும் சிறு காரின் டயருக்குள் மணல் தங்கிவிடாமல் இருக்க, தரையில் படும் முகப்பில் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே இடுகிற சிறு துளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை ‘மூச்சுத்துளை’, ‘வடிதுளை’, ‘மணற்போக்கி’, ‘மணல்வாரி’ என நான்கு விடைகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ‘மணலோடி’ என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். அதற்கு முன் பொருளைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. நம் உரையாடலில் இரண்டு வெவ்வேறு துளைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

இந்தக் கார்களின் டயருக்குள் டியூபும் இல்லை, அடைத்து வைத்த காற்றும் இல்லை. உள்ளே வளையமாக ஒரு ஃபோம் இருக்கிறது; டயரின் விளிம்பு ரிம்மோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கார் ஒரு மேட்டிலிருந்து துள்ளி விழும்போது டயர் நசுங்குவதால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும்; இல்லையென்றால் கார் பந்துபோல் எகிறும், சில வேளைகளில் பசையே விட்டுப்போகும். அதற்காகப் பல ரிம்களில் ஒன்றிரண்டு துளைகளை வைத்தே செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நசுங்கிய டயர் மீண்டும் விரியும்போது அதே துளை வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு மணலையும் ஈரத்தையும் சேர்த்தே இழுக்கிறது.

என் அக்காள் மகனின் காரில் இதை நேரில் பார்த்தேன். சொத்தவிளைக் கடற்கரையில் நான்கைந்து மாலைகள் ஓட்டிய பிறகு, வேகம் கூடியதும் கார் நடுங்கத் தொடங்கியது. சக்கரங்களைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தபோது பின்சக்கரம் ஒன்று தன் இணையைவிட 19 கிராம் கூடுதலாக இருந்தது. பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிரித்தால், ஃபோமின் ஒரு பக்கம் முழுவதும் கறுப்பும் சிவப்புமான பொடிமணல் அப்பி, அடை சுட்டெடுத்த கல்லின் அடிப்பக்கம்போல் இறுகிக் கிடந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல் என்பதற்குக் காரணமும் உண்டு. வெறும் வெள்ளை மணல் நீரைவிட 2.65 மடங்கு அடர்த்தியானது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமமோ நான்கரை மடங்குக்கும் மேல். ஒரே அளவு மணல் புகுந்தாலும் சக்கரத்தின் சமநிலை இங்கே விரைவாகக் கெடும். (நம் மணலுக்கு ஒட்டிக்கொண்டு பயணம் போகிற குணம் பழையது. 1909-ஆம் ஆண்டில் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தை உலகம் அறிந்ததே, ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் கவனித்ததால்தான்.)

இதற்கு ஓட்டுநர்கள் கண்ட தீர்வு இரண்டு பகுதிகள் கொண்டது: ரிம்மில் உள்ள துளையை அழுத்தமான டேப்பால் அடைத்துவிடுவது, டயரின் முகப்பில், ஒன்றுக்கொன்று நேர் எதிரே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு புதிய துளைகள் இடுவது. ஏன் இடத்தை மாற்ற வேண்டும் என்பதில்தான் இந்தப் பெயரின் உயிர் இருக்கிறது. சுழலும் சக்கரத்துக்குள் இருக்கும் மணலுக்குக் ‘கீழ்’ என்பது தரை நோக்கிய திசை அன்று. அச்சிலிருந்து வெளிப்புறம் நோக்கிய எல்லாத் திசையும் அதற்குக் கீழ்தான். 11 செ.மீ. விட்டமுள்ள சக்கரங்களோடு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கார் ஓடினால், சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 29 முறை சுழல்கிறது; அப்போது உள்ளே இருக்கும் ஒரு கிராம் மணல் 185 கிராம் எடைபோல வெளிநோக்கி அழுத்துகிறது. ரிம்மில் உள்ள துளை அச்சின் பக்கம், அதாவது மணலின் கணக்கில் மேலே இருப்பதால், உள்ளே வந்த மணல் அவ்வழியே திரும்பிப் போகாது. முகப்பில் இட்ட துளை அடிமட்டத்தில் இருப்பதால், மணலும் நீரும் தம் எடையாலேயே அதைத் தேடி வந்து வெளியேறுகின்றன.

இந்த அமைப்பு நம் முன்னோர் குளங்களுக்குப் புதியதன்று. பழைய ஏரிகளில் நீரைத் திறந்துவிடும் மதகான குமிழித் தூம்பில் மேலே ஒரு துளை, கீழே தரைமட்டத்தில் சில துளைகள் என இருவகைத் துளைகள் உண்டு. மேலே உள்ளது நீரோடி. அடியில் படியும் வண்டலை நீரோடு சேர்த்து வெளியே தள்ளுவது சேறோடி. சேறு எங்கே போய்ப் படிகிறதோ அங்கே துளையை வைத்த அதே அறிவுதான் டயரிலும் வேலை செய்கிறது. சேறோடி இருக்க மணலோடி ஏன் கூடாது? நம் மாவட்டத்தாருக்கு இந்தச் சொல்லமைப்பு காதுக்கும் பழக்கமானது. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி என்ற ஊர் வரை என்றுதானே நம் கடற்கரையையே அளந்து சொல்கிறோம்.

மற்ற சொற்களைப் பற்றி என் கருத்து இது. ‘மூச்சுத்துளை’ உள்ளிழுப்பதையும் வெளிவிடுவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. உள்ளிழுப்பதுதான் நம் குறை. ‘வடிதுளை’ நீருக்குப் பொருந்தும். கஞ்சி வடியும், மழைநீர் வடியும், மணல் வடியாது. ‘மணல்வாரி’ என்று கேட்டதும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேப்பிலை தேடுவார்கள், ஏனெனில் அது ஓர் அம்மையின் பெயர். உண்மையான போட்டி ‘மணற்போக்கி’தான். புகைபோக்கியின் வழியில் வந்த நல்ல சொல், அதை முன்மொழிந்த தங்கையின் செவி கூர்மையானது. ஆனால் ‘போக்கி’ என்றால் தனியே செய்து பொருத்திய ஓர் உறுப்பு என்ற நினைவு வருகிறது; புதிதாகப் படிப்பவர் கடையில் போய் நான்கு மணற்போக்கி கேட்டு நிற்பார். இது வெறும் துளை.

நாகர்கோவிலிலிருந்து எழுதிய ஐயா ஓர் இலக்கண ஐயம் எழுப்பியிருந்தார்: ‘நாடோடி’, ‘முன்னோடி’ என்பவற்றில் ஓடுகிறவரே பெயரைப் பெறுகிறார்; ‘மணலோடி’யில் ஓடுவது மணல், பெயரோ துளைக்குப் போகிறதே என்று. ஐயம் நியாயமானது, ஐயா. ஆயினும் சேறோடியிலும் ஓடுவது சேறு, பெயர் துளைக்கு. ஓடும் பொருளின் பெயரால் அது ஓடும் இடத்தைக் குறிக்கிற வழக்கு கல்தச்சர்களிடமே இருந்திருக்கிறது. நாம் அதைப் பின்பற்றினால் போதும். தெளிவு வேண்டும் இடத்தில் ‘மணலோடித் துளை’ என்று விரித்து எழுதலாம்.

ரிம்மில் உள்ள துளைக்கு ‘மூச்சுக்கண்’ என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய்க்கும் மதகுக்கும் கண் உண்டு, ரிம்முக்கும் இருக்கட்டும். டயர், ரிம் ஆகியவற்றை மாற்றும் வீண் வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துக: “மணலோடி: ஆர்.சி. கார் டயரின் முகப்பில், உள்ளே புகுந்த மணலும் நீரும் சுழற்சியால் வெளியேறும் பொருட்டு இடப்படும் வட்டத் துளை. மூச்சுக்கண்ணை அடைத்த பின்பே இடப்படுவது.” ‘வட்ட’ என்ற சொல்லை நீக்கிவிட வேண்டாம். முதல்முறை நான் கத்தி முனையால் கீறியே வழிவிட்டேன்; இரண்டே நாளில் கீறல் நீண்டு டயர் கிழிந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோலுக்குத் துளையிடும் ‘பஞ்ச்’ கருவியால் வட்டமாகப் போட்ட துளை இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டு மழைக்காலம் காணும் மாவட்டத்தில் மணலைவிட நீர்தான் அதிகம் வெளியேறும், அப்படியானால் அதை நீரோடி என்று அழைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நீர் மட்டும் புகுந்திருந்தால் ஃபோமைப் பிழிந்து உலர்த்திவிடலாம். துளை போடச் சொன்னது மணல்தான். பெயரும் அதற்கே போகட்டும்.

அன்புடன்,
குளச்சலிலிருந்து ஓர் உறுப்பினர்