ஒரு போட்டியாளருக்கு மட்டும் நடுவர் விலகினால் மதிப்பெண்ணை எப்படிச் சரிசெய்வது?

வணக்கம். பேச்சுப் போட்டிக்கு ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 100 மதிப்பெண். போட்டியாளர்களில் ஒருவர் ஒரு நடுவரின் மாணவர். அவருக்கு மட்டும் அந்த நடுவர் மதிப்பெண் போடாமல், மற்ற நால்வரின் சராசரியை எடுப்பதாகத் திட்டம்.

சிக்கல் அங்கேதான். விலகுபவர் கறாராகப் போடுபவர் என்றால் மாணவரின் சராசரி தானாக ஏறிவிடும். தாராளமானவர் என்றால் இறங்கும். நேர்மைக்காக விலகியதே அநீதியாகிறது. தரவரிசை முறையிலும் தப்பவில்லை, அந்த நடுவரின் பட்டியலில் மாணவருக்குக் கீழே வரவேண்டியவர்கள் ஒருபடி மேலேறிவிடுகிறார்கள்.

மாற்று நடுவரே சரியான வழி. கிடைக்காதபோது, விலகியவரின் மதிப்பெண் தாளை எல்லோருக்குமே கணக்கில் சேர்க்காமல் விடலாமா? மிஞ்சும் நால்வரின் மதிப்பெண்ணில் போட்டியாளர்களுக்குள் சமநிலை வந்தால் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள், உள்ளடக்கமா மொழிநடையா? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.