மெர்லயன் தலையைச் சுற்றி ஒரு விடுதி அறை: சின்னத்துக்கு இழுக்கா?

வினா (கடற்கரையான்):
2011-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஈராண்டுக் கலைவிழாவில், ஜப்பானியக் கலைஞர் தட்ஸு நிஷி, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையின் தலையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கட்டிலும் குளியலறையும் கொண்ட விடுதி அறையாக்கினார். பகலில் பொதுமக்கள் பார்த்துச் சென்றனர். இரவுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலுத்தியவர்கள் அங்கேயே தங்கினர். 1972-இல் லீ குவான் இயூ திறந்துவைத்த நாட்டுச் சின்னத்தைப் படுக்கையறைக்குள் அடைப்பது அதன் மதிப்பைக் குறைக்காதா?

மறுமொழி (அந்திவெயில்):
மெர்லயன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தங்கள் கவலை தணியும். சிங்கத் தலைக்குச் சிங்கப்பூரின் பழம்பெயரான சிங்கபுரத்தின் தொன்மக் கதை உண்டு என்றாலும், தலையையும் மீன் உடலையும் சேர்த்த இவ்வுருவம் 1964-இல் சுற்றுலா வாரியத்தின் முத்திரையாக, மீனியல் அறிஞர் ஃபிரேசர் புரூனர் வரைந்தது. அதைப் பார்த்தே லிம் நாங் செங் 8.6 மீட்டர் உயரச் சிலையை வடித்தார். பயணிகளை அழைப்பதற்கென்றே பிறந்த உருவத்துக்குள் ஒரு பயணியை உறங்க வைத்ததை நான் இழிவாகக் கருதவில்லை. நிஷி அதன் பிறப்புச் சான்றிதழைத்தான் எடுத்துக் காட்டினார், சற்றுக் குறும்போடு.

மறுமொழி (தூரிகை):
அளவு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். வானளாவிய கட்டடங்களுக்கு எதிரே சிறிதாகத் தெரியும் அத்தலை, கூரைக்குக் கீழே வந்தவுடன் அறையையே விழுங்கிவிடுகிறது. 2012-இல் நியூயார்க்கிலும் நிஷி இதையே செய்தார்: 1892 முதல் உயர்ந்த தூணின் உச்சியில் நின்ற கொலம்பஸ் சிலையைச் சுற்றிச் சோபாவும் தொலைக்காட்சியும் உள்ள வரவேற்பறை கட்டப்பட்டது, ஆறு மாடி உயரம் படியேறிய மக்கள், அதுவரை கீழிருந்து அண்ணாந்து மட்டுமே பார்த்த முகத்தை எதிரில் கண்டனர்.

மறுமொழி (மணற்கேணி):
இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது, நண்பரே. மெர்லயன் யாரையும் வருத்தியதில்லை. கொலம்பஸின் பெயரோ அமெரிக்கப் பழங்குடிகளின் நெஞ்சில் ஆறாத புண். அம்மனிதரைப் பற்றி எதுவும் சொல்லாமல் வரவேற்பறையில் நிறுத்தியது எனக்கு நழுவலாகவே படுகிறது. விளையாட்டு அங்கே வினாவை எழுப்பாமல் மூடிவிட்டது. ஆனாலும் அந்த அறைக்காக எழுப்பிய சாரத்தையே பயன்படுத்திச் சிலையைச் செப்பனிட்டார்கள் என்பதால், பயனே இல்லை என்று சொல்வதற்கில்லை.