சர்க்கரை இருக்கிறது. வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தத்தான் வேண்டுமா?

காலைநடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 7.8.

தினமும் காலையில் அரை மணி நேரம் புல்தரையில் வெறுங்காலோடு நடப்பேன். ஆறு வருடப் பழக்கம். பனி ஈரத்தோடு அந்தப் புல்லில் கால் வைத்தால்தான் எனக்குப் பொழுதே விடியும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுவதில்லை.

போன வாரம் டாக்டர், "வெறுங்காலோடு நடக்காதீங்க, வீட்டுக்குள்ளேயும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஏன் என்று கேட்க நேரம் இல்லை. எனக்குக் காலில் புண் இல்லை, வலி இல்லை. சில ராத்திரி விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வெறுங்காலோடு நடந்தால் பாதம் பலப்படும் என்றுதானே இத்தனை நாள் கேள்விப்பட்டிருக்கிறோம்? என்னைப் போன்றவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பத்தாயிரம் அடி எழுதியது:

நான் 12 வருடமாகச் சர்க்கரையோடு இருக்கிறேன். நடை எல்லாமே வெறுங்காலில்தான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பாதத்தில் இருக்கும் புள்ளிகள் அழுந்தினால் சர்க்கரை இறங்கும். பயப்படாமல் நடங்கள்.

பழைய தையல்காரர் எழுதியது:

தம்பி, "வலி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் என் கண் நின்றது. நானும் எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு 63 வயது. தையல் தொழில், மெஷின் வீட்டு முன்னறையிலேயே. சர்க்கரை வந்து 17 வருடம். ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு உள்ளே நடக்கிறேன். டக், டக் என்று ஒரு சத்தம். நான் நடந்தால் கேட்கிறது, நின்றால் நின்றுவிடுகிறது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். கதவு ஆடுகிறதா என்று பார்த்தேன். என் மனைவிதான், "சத்தம் உங்க கால்லேருந்து வருது" என்றாள். உட்கார்ந்து காலை மடக்கிப் பார்த்தால், வலது பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் ஒடிந்த மெஷின் ஊசித் துண்டு ஏறியிருக்கிறது. ஒடிந்த பக்கம் வெளியே துளி நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் ஒவ்வொரு அடிக்கும் தரையில் தட்டியிருக்கிறது.

அந்த ஊசி ஒடிந்தது காலை 11 மணிக்கு. துண்டைத் தேடினேன், கிடைக்கவில்லை, சரி என்று புது ஊசி மாட்டிவிட்டேன். சாயங்காலம் 6 மணி வரை அதே காலால் பெடல் மிதித்து இரண்டு சட்டை தைத்து முடித்திருக்கிறேன். கொசு கடித்த அளவுகூடத் தெரியவில்லை.

பிடுங்கி எடுத்தேன். வந்த துண்டில் ஊசியின் காது பாதிதான் இருந்தது, கூர் நுனி இல்லை. அதைப் பார்த்த உடனே உள்ளே மிச்சம் இருக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். முதலில் போன இடத்தில் ஒரு ஊசி போட்டு, மேலே துடைத்துக் கட்டு கட்டி அனுப்பினார்கள், எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. வலித்திருந்தால் கேட்டிருப்பேன். ஐந்தாம் நாள் கால் சிவந்து வீங்கி, கட்டைப் பிரித்தால் வாடை. அப்போதும் வலி இல்லை. வேறு இடத்துக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் அந்த நுனி எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கீறி எடுத்து, சீழை வெளியேற்றினார்கள்.

அப்புறம் புண் ஆற நான்கு மாதம். ஏன் அவ்வளவு நாள் என்றால், தினமும் சுத்தமாகக் கட்டு மாற்றிக்கொண்டேன், ஆனால் அந்தக் கட்டின் மேலேயே நடந்தேன். வலி இருக்கிறவன் நொண்டி நொண்டி அந்த இடத்தைக் காப்பாற்றுவான். எனக்கு வலி இல்லாததால் முழுப் பாரத்தையும் புண்ணின் மேல் வைத்தே நடந்திருக்கிறேன். கடைசியில் ஒரு டாக்டர் முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, பாரம் அந்த மேட்டில் விழாமல் பிரித்துவிட்டார். ஏழு வாரத்தில் மூடிவிட்டது. மருந்தை மாற்றவே இல்லை, பாரத்தை இறக்கினார், அவ்வளவுதான்.

இப்போது யோசித்தால், அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே கால் எனக்குச் சொல்லியிருக்கிறது. மோட்டார் மெஷினில் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பாதத்துக்குத்தான் தெரியும். காலர் முனையில் ஒரு தையல், இரண்டு தையல் என்று நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். எனக்கு அது கைமீறிப் போய், முனையைத் தாண்டி ஓட ஆரம்பித்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். எறும்பு ஊர்வது அப்போது எனக்கும் இருந்தது. பிறகு அது நின்றுபோனது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சரியாகவில்லை தம்பி, உணர்ச்சியே போயிருந்தது.

இப்போது தினமும் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ராத்திரி நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பழைய வெள்ளைப் பருத்தித் துணியால் இரண்டு பாதத்தையும் மெதுவாகத் துடைப்பேன். விரல் இடுக்கு ஒவ்வொன்றும். பிறகு துணியை விரித்துப் பார்ப்பேன். கால் சொல்லாததைத் துணி சொல்லும்: ஒரு துளி சிவப்பு, ஒரு மஞ்சள் ஈரம், எதுவானாலும் வெள்ளையில் தெரிந்துவிடும். அடிப்பாதத்துக்குத் தரையில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். காலுறையும் வெள்ளைதான், தினமும் மாற்றுவேன். தையல் விளிம்பு விரலில் அழுந்தாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுவேன். காலணி போடும் முன்னால் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். கால் செய்ய வேண்டிய வேலையை இப்போது கையும் கண்ணும் செய்கின்றன.

காலணி வாங்கும்போது அளவு எடுக்கிற விதம் ஒன்று உண்டு, இது என் தொழில் புத்தி. சாயங்காலம் கால் சற்று உப்பியிருக்கும்போது, நின்றபடி காகிதத்தில் பாதத்தை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைக் காலணிக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் அந்தக் காலணி வேண்டாம். நீளத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். "இறுக்கமாக இருந்தால்தான் போட்ட மாதிரி இருக்கிறது" என்று எனக்குத் தோன்றும், உணர்ச்சி குறைந்த காலுக்கு அப்படித்தான் தோன்றும். அதை நம்பி அளவு குறைத்து வாங்காதீர்கள்.

பத்தாயிரம் அடி அன்பரே, உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள், கண்ணா, காலா? தயவுசெய்து ஒருமுறை உணர்ச்சி சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

புண்கட்டும் செவிலி எழுதியது:

தையல்கார ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் பாதப் பிரிவில் 11 வருடமாகக் கட்டு மாற்றுகிறேன். இந்த மாதிரிக் கால்கள்தான் தினமும் வரும். காலணிக்குள் கிடந்த ஒரு பட்டனோடு நாள் முழுக்க நடந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

காலைநடை சார், சர்க்கரை அதிகமாகவே ஓடினால் முதலில் அடிபடுவது உடம்பிலேயே நீளமான நரம்புகள், அதாவது விரல் நுனிக்குப் போகிறவை. அதனால்தான் காலுறை போட்ட மாதிரி கீழிருந்து மேலே ஏறும். வலி உணர்ச்சி மட்டும் போவதில்லை. வியர்வையை நடத்தும் நரம்பும் கெடும், தோல் வறண்டு வெடிக்கும். கால் கதகதப்பாக இருக்கிறது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். நரம்பு கெட்ட காலும் கதகதப்பாக இருக்கும், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது தொழுநோய். வேலூர் சிஎம்சிக்கு 1946-இல் வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் திரும்பத் திரும்பக் காயம்பட்டுத்தான் சிதைகின்றன என்று காட்டினார். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது அதே அறிவைச் சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் கொண்டுபோனார். ஐயாவுக்குப் பாரத்தைப் பிரித்துக் கட்டு போட்டார்களே, அந்த வைத்தியமும் தொழுநோய் மருத்துவத்திலிருந்துதான் வந்தது.

உங்களுக்குத் தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். உணர்ச்சி குறைந்திருந்தாலோ, காலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, வெறுங்கால் அறவே கூடாது. வீட்டுக்குள்ளும் வெளியிலும், வெறும் காலுறையோடும், மெல்லிய அடி உள்ள செருப்போடும் நடக்கக் கூடாது. சர்வதேச வழிகாட்டுதலும் இதுதான். இரண்டும் நன்றாக இருந்தால் ஆபத்து மிகக் குறைவு, வருடம் ஒருமுறை பாதப் பரிசோதனை போதும். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் யாரும் "நடங்கள்" என்றும் சொல்ல முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானது. கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலுமாக ஆறு இடம், மாற்றி மாற்றித் தொட வேண்டும். இறகு படுகிற மாதிரி, 1 அல்லது 2 விநாடி. அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டு தவறினாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்புறம் மருத்துவரிடம் 10 கிராம் அழுத்தம் தரும் மோனோஃபிலமென்ட் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் எடுப்பவர்களுக்கு அது குறையலாம், குறைந்தாலும் இதே மதமதப்பு வரும்.

எல்லோருக்கும் இன்னொன்று. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக, சிவப்பாக இருந்து, வலி பெரிதாக இல்லை என்றால் "சுளுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கலாம், சார்கோ பாதம் என்பார்கள். அன்றைக்கே காட்ட வேண்டும், அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. இரண்டு காலிலும் ஒரே இடத்தைத் தோல் வெப்பமானியால் பார்த்து, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தாலும் நடையைக் குறைத்துவிட்டு வந்து காட்டுங்கள்.

கால் ஆணிக்குப் போடும் மருந்துப் பிளாஸ்திரி வேண்டாம், அது நல்ல தோலையும் அரிக்கும். காய்ப்பை நீங்களே பிளேடால் சீவவும் வேண்டாம். வெந்நீரில் காலை ஊற வைக்க வேண்டாம். கழுவும் தண்ணீர் 37 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலால் அல்ல. விரல் இடுக்கை நன்றாக உலர்த்துங்கள். வறட்சிக்குக் களிம்பு தடவலாம், இடுக்கில் மட்டும் தடவக் கூடாது.

நடப்பதால் சர்க்கரை இறங்கும் என்பது உண்மை. அதைச் செய்வது பாதத்தின் புள்ளிகள் அல்ல, கால் தசைகள். தசைக்குக் காலணி ஒரு தடையே இல்லை.

காலைநடை எழுதியது:

நன்றி ஐயா, நன்றி சிஸ்டர். நேற்று ராத்திரி என் மகள் தொட்டுப் பார்த்தாள். நடுவிரல், சுண்டுவிரல் நான்கும் சரியாகச் சொன்னேன். பிறகு வெகுநேரம் தொடவே இல்லையே என்று, "ஆரம்பி" என்றேன். "இரண்டு பெருவிரலையும் தொட்டு முடிச்சுட்டேன்பா" என்றாள். அவள் குரல் மாறிப்போயிருந்தது. எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பிறகு ஐயா சொன்ன மாதிரி வெள்ளைத் துணியால் துடைத்தோம். வலது காலில் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறிப்போய், சின்னதாக ஒரு பிளவு. துணியில் லேசான மஞ்சள் ஈரம். எத்தனை நாளாக இருக்கிறதோ தெரியவில்லை. இன்று காலை நடக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

புண்கட்டும் செவிலி எழுதியது:

சார், வெள்ளிக்கிழமை வரை வேண்டாம், இன்றைக்கே போங்கள். புல்லின் ஈரம் இடுக்கில் தங்கித் தங்கித் தோல் ஊறியிருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். ஆனால் மஞ்சள் ஈரம் என்கிறீர்கள், பிளவு இருக்கிறது, கிருமி உள்ளே போகும் வழி அது. கழுவி, ஒற்றி எடுத்து உலர்த்துங்கள், எதையும் தடவாதீர்கள், உலர்ந்த மெல்லிய துணி ஒன்றை விரல்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் இரண்டு காலணியையும் கழற்றி, "பாதத்தைப் பாருங்கள், இரண்டு பெருவிரலிலும் தொடுவது தெரியவில்லை" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

பழைய தையல்காரர் எழுதியது:

தம்பி, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கு இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு இன்று ராத்திரியே வந்துவிடட்டும், கால் முதலில் படும் இடத்தில். போய் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், நான் விழித்துத்தான் இருப்பேன்.