புதுப்பிப்பு: பழைய 14 அங்குல பேண்ட்சா, பிளேடு நழுவலும் அதிர்வும் தீர்ந்தன

வாங்கிய பழைய வார்ப்பிரும்பு பேண்ட்சாவில் (இரு சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடால் அறுக்கும் மெஷின்) பிளேடு சக்கரத்தின் முன்பக்கம் நழுவுகிறது, மெஷினும் குலுங்குகிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நழுவலுக்குக் காரணம் டயர், அதாவது பிளேடு ஓடும் சக்கரத்தின் விளிம்பில் மாட்டிய ரப்பர் பட்டை. ‘சக்கரத்து ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள்’ என்றவர் சொன்னதே சரி. நகம் இறங்கவே இல்லை. ரப்பர் காய்ந்து, நடுமேடு தேய்ந்து, பிளேடு ஓடிய இடத்தில் பள்ளம். பழையதைச் சுரண்டி எடுத்து, விளிம்பைத் தின்னரால் துடைத்து, யூரிதேன் டயரை வெந்நீரில் ஊறவைத்து இழுத்து மாட்டினேன். ஒரு பக்கம் கிளாம்ப் போடாவிட்டால் மறுபக்கம் மாட்டும்போது கழன்றுகொண்டே வரும். பசை வேண்டியிருக்கவில்லை.

அதிர்வு பாதிதான் குறைந்தது. மோட்டாரிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினால் சத்தமே இல்லை. கழற்றிய வி-பெல்ட்டோ மேசையில் போட்டும் புல்லியின் வளைவு மாறாமல் கிடந்தது. நெடுநாள் ஓடாமல் நின்றதன் விளைவு. லிங்க் பெல்ட் (சிறு துண்டுகளைக் கோர்த்த பெல்ட்) போட்டதும் குலுக்கல் நின்றது. இதை யாருமே சந்தேகிக்கவில்லை. பேரிங்கில் ஆட்டமோ கரகரப்போ இல்லாததால் மாற்றவில்லை.

டிராக்கிங் (பிளேடு சக்கரத்தில் நழுவாமல் ஓடுகிறதா என்று) பார்க்கும்போது, பிளேடு விலகாமல் தாங்கும் கைடுகளை விலக்கிவையுங்கள். ஓட்டம் நிலைத்த பிறகு பக்கக் கைடுகளுக்கு ஒரு தாள் கன இடைவெளி. பிளேடின் முதுகுப் பக்கம் உள்ள பேரிங் வெட்டும்போது மட்டுமே சுழல வேண்டும்.