சமரசத் தாளும் ஸ்கிரீன்ஷாட் கட்டும்: குடும்ப நீதிமன்றத்தில் மனசை விட்டுப் போகாத வழக்கு எது?

வக்கீல் குமாஸ்தா:
ஒரு கணவர் போட்ட விவாகரத்து மனு பதினொரு பக்கம். எட்டுப் பக்கம் கழுவாத பாத்திரம், மடிக்காத துணி, ராத்திரி ஒன்பதாகியும் பிள்ளைக்குச் சோறு ஆகாதது. மனைவிக்கு வேறொருவருடன் இருந்த தொடர்பு பற்றி ஒன்றரைப் பக்கம்தான். சாட்சிக் கூண்டில் கணவர் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் கட்டை நீட்டினார். "எந்தப் போன்ல எடுத்தது?" "பழைய போன், எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்." சொன்ன நொடியில் அவர் முகம் வெளுத்ததே, அதுதான் மறக்கவில்லை. பிரிண்ட் மட்டும் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்: முதல் பகுதியில் தாக்கல் செய்பவர் கையெழுத்து, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்து, இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண். மூலக்கோப்பும் போனோடு போய்விட்டால் ஹாஷ் எடுக்க எதுவுமில்லை.

மதுரை மகளிர் வழக்கறிஞர்:
சான்றிதழ்தான் எல்லாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மனைவியின் வழக்கில் அது பக்காவாக இருந்தது. எதிர்த்தரப்பு மகளிர் காவல் நிலையத்தில் எழுதிய சமரசத் தாளை எடுத்து வைத்தது: "நடந்ததை மன்னித்துச் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன்." கீழே அவர் கையெழுத்து. அடுத்த நான்கு மாதம் ஒரே வீடு. இந்து திருமணச் சட்டம் 23ஆம் பிரிவில் மன்னித்துவிட்டால் விவாகரத்துக்கு அந்தக் காரணம் போச்சு. பிறகு கணவர் மறுபடி தவறினால் பழையதும் உயிர்பெறும். ஆனால் அந்தப் புதிய சம்பவத்தைத் தேதியோடு மனுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

சமரச மையக் கவுன்சிலர்:
குமாஸ்தா சார், அந்த எட்டுப் பக்கம் வீண் என்கிற தொனி சரியில்லை. 2007 சமர் கோஷ் வழக்கில் மனைவி தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டதும் பேசப்பட்டது. சில்லறைச் சண்டை கொடுமை ஆகாது, நெடுங்காலம் தொடர்ந்தால் ஆகலாம் என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தது. எழுதினால் வருடக்கணக்கைக் காட்டி எழுதணும்.

இன்னும் மனு போடாதவர்களுக்கு ஒன்று. தொடர்பைப் பற்றிய பேச்சையும் சிங்க்கைப் பற்றிய பேச்சையும் ஒரே ராத்திரியில் வைக்காதீர்கள். ஒன்றுக்குப் பதிலாக மற்றது வந்து இரண்டும் தீராமல் போகும். ஏழு நாள் ஒரு நோட்டில் யார், என்ன, எத்தனை நிமிடம் என்று இருவரும் எழுதுங்கள். கேஸ் புக்கிங், பால் கணக்கு, பள்ளி ஃபீஸ் கடைசித் தேதி என நினைவில் வைத்திருக்கும் வேலையும் அதில் வரணும். அதுதான் எப்போதும் விடுபடும். பிறகு வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். சமையல் என்றால் காய் வாங்குவதிலிருந்து அடுப்புத் திட்டு துடைப்பது வரை ஒருவரே. "நீ சொன்னா செய்றேன்" என்றால் சொல்லும் வேலை பழைய ஆளிடமே நிற்கும், மூன்றாம் வாரம் அதே சண்டை.

வக்கீல் குமாஸ்தா:
வருடக்கணக்கு பற்றிச் சொன்னது சரி. ஜீவனாம்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்து திருமணச் சட்டத்தின் 1976 திருத்தத்துக்குப் பிறகு விவாகரத்துக்குத் தகாத உறவு ஒரு தடவை நடந்தது நிரூபணமானாலே போதும். மனைவிக்கு ஜீவனாம்சம் கூடாது என்று வாதாட அது போதாது, அந்த உறவிலேயே தொடர்ந்து வாழ்வதாகக் காட்டணும். ஒரே ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு மனுவிலும் போட்டால் ஒன்றில் நின்று மற்றதில் விழும்.