இரண்டாவது திரையில் வீடியோ ஓடினால் கேம் திக்குகிறது, எஃப்பிஎஸ் மட்டும் குறையவே இல்லை

இரவாடி:
மூன்று வாரமாக மண்டை காய்கிறது. மெயின் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்), பக்கத்தில் ஒரு பழைய 60 ஹெர்ட்ஸ். இரண்டையும் கிராபிக்ஸ் கார்டிலேயே செருகியிருக்கிறேன். மதர்போர்டில் இல்லை, அதை முதலிலேயே பார்த்துவிட்டேன். விளையாடுவது கார் ரேஸ். மூலையில் எஃப்பிஎஸ் (கேம் நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) 130க்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் வளைவில் திருப்பும்போது சாலை வழுக்கிக்கொண்டு வராமல் தட்டித் தட்டி வருகிறது.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டேன். கிராபிக்ஸை ஆகக் கீழே இறக்கினேன். எஃப்பிஎஸ் 200ஐத் தொட்டது, திக்கல் அப்படியே. சூடும் 70 டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டாவது மானிட்டரின் கேபிளைப் பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. தயவுசெய்து "பிடுங்கிவிட்டே விளையாடு" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கையே ஓடும்.

கீபோர்டு தாத்தா:
எஃப்பிஎஸ் சராசரிக் கணக்கு. ஒரு நொடியில் 130 படம் வந்தது என்று சொல்லும், எந்த இடைவெளியில் வந்தன என்று சொல்லாது. 144 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு இருக்கிற நேரம் 6.9 மில்லிசெகண்ட். பல படம் 5லும் நடுநடுவே ஒன்று 17லும் வந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும், கண் ஏமாறாது. ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைக் கோடாகக் காட்டும் ஃப்ரேம் டைம் கிராஃபைப் போட்டு ஒரே ட்ராக்கில் மூன்று சுற்று ஓட்டுங்கள். விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி ஒரே திரையில் ஒன்று. இரண்டு திரையும் எரிய, பக்கத்தில் எதுவும் அசையாமல் ஒன்று. வீடியோ ஓட ஒன்று. கேம் திரையைத் தனக்கே எடுத்துக்கொள்ளும் ஃபுல்ஸ்கிரீனா, திரையை நிரப்பும் ஓரமில்லாத ஜன்னலான பார்டர்லெஸ்ஸா?

இரவாடி:
பார்டர்லெஸ். மவுஸ் அந்தப் பக்கம் போய்வர வேண்டுமே. முதல் இரண்டு சுற்றிலும் கோடு நேராக இருந்தது. வீடியோ ஓடியதும் கோட்டில் முள் முள்ளாக முளைக்கிறது. முள்ளின் உயரம் பெரும்பாலும் 16, 17 மில்லிசெகண்ட் பக்கம்.

சும்மா வந்தேன்:
பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (வீடியோ வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளும் வசதி) அணைத்துப் பாருங்கள், எனக்கு அதோடு போயிற்று. அப்புறம் செட்டிங்ஸில் மெயின் மானிட்டர் உண்மையிலேயே 144ல்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். 144 வாங்கி ஆறு மாதம் 60லேயே ஓட்டிய புத்திசாலி நான்.

கீபோர்டு தாத்தா:
அணைத்தால் வீடியோவைப் பிரிக்கும் வேலை பிராசசர் தலையில் விழும். பிராசசருக்கு ஏற்கெனவே வேலை அதிகமுள்ள கேமில் அது வேறு வலி. சோதனைக்காகச் செய்யலாம்.

16.7 என்பது 60 ஹெர்ட்ஸ் திரையின் ஒரு துடிப்பு. அதனால் இரண்டு திரையும் இழுபறி நடத்துகின்றன என்றுதான் சந்தேகப்படுகிறேன். 2020 மே அப்டேட்டுக்கு முந்தைய விண்டோஸ் 10 என்றால் முதலில் அதை மாற்றுங்கள். வெவ்வேறு ஹெர்ட்ஸ் திரைகளைக் கலந்து வைப்பதால் வரும் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது அதற்குப் பிறகுதான். புதிய விண்டோஸ் என்றால் மெயினை 120க்கு இறக்கிப் பாருங்கள். 120 அறுபதின் சரியான இரட்டிப்பு, 144 அப்படி இல்லை.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதன் மேல்தான் கண். கிராபிக்ஸைக் குறைத்தும் பலன் இல்லை என்றீர்களே, கார்டு அப்போதும் ஓய்வெடுக்கவில்லை. மிச்சமான நேரத்தில் இன்னும் அதிகப் படம் வரைந்து தள்ளியது, அதனால்தான் 200. வீடியோவும் டெஸ்க்டாப்பும் அதே கார்டிடம்தான் வந்து நிற்கின்றன. கேம் 99 சதவீதத்தையும் விழுங்கினால் அவை முண்டியடிக்கத்தான் செய்யும். எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு போடுங்கள், 110 மாதிரி.

இரவாடி:
விண்டோஸ் 11தான், ஆகவே அது இல்லை. ஆக்சிலரேஷனை அணைத்தேன்: முள் குட்டையானது, ஆனால் இன்ஜின் சத்தம் கரகரத்தது. திரும்பப் போட்டுவிட்டேன். 120க்கு இறக்கியதும் பாதி நிம்மதி; மழை பெய்யும் ட்ராக்கில் மட்டும் திக்கல் மிச்சம். கடைசியாக கேமிலேயே 110 வரம்பு போட்டேன். கார்டு 99லிருந்து 80 பக்கம் இறங்கியது, மழையிலும் கோடு நேராகிவிட்டது. எண்ணைக் குறைத்துத்தான் சரியாக வேண்டுமா என்று கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

ஃபுல்ஸ்கிரீனும் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடுகிறது, ஆனால் வீடியோவை மாற்ற வெளியே வரும்போதெல்லாம் திரை கறுத்து மீள்கிறது. பார்டர்லெஸ்ஸே போதும்.

சும்மா வந்தேன்:
144 இருந்ததா, பார்த்தீர்களா?

இரவாடி:
இருந்தது. உங்கள் அளவுக்கு மோசமில்லை நான்.